ஸ்பெயினில் கார் ஓட்டப் போகிறீர்களா? லைசென்ஸ் முதல் அபராதம் வரை, புதிதாக வருபவர்களுக்கு

ஸ்பெயினுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வருகிற நம்மவர்கள் வந்த வாரத்திலேயே கேட்கும் கேள்வி, "நம்ம ஊர் லைசென்ஸ் இங்கே செல்லுமா?" என்பதுதான். செல்லும், ஆனால் கொஞ்ச காலத்துக்கு. அந்தக் காலம் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது, முடிவதற்குள் என்ன செய்து வைக்க வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி நான் தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

ஸ்பெயினின் நெடுஞ்சாலைகள் ஓட்டுவதற்குச் சுகமானவை. ஊரில் நன்றாக ஓட்டியவருக்கு வலது பக்கம் ஓட்டுவது ஓரிரு நாளில் பழகிவிடும். மாட்டிக்கொள்வது காகிதத்திலும் கெடுவிலும்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி

ஐ.டி.பி. என்று சொல்லும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்க வேண்டும். மத்திய அரசின் சாரதி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய். லைசென்ஸ், பாஸ்போர்ட், விசா நகல், புகைப்படம் எல்லாம் தயாராக இருக்கட்டும். மருத்துவச் சான்றும் கேட்கக்கூடும், அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் கிடைப்பது ஒரு சிறிய காகிதப் புத்தகம். அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஐ.டி.பி. தனியாகச் செல்லாது. அது உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரிதான். அசல் லைசென்ஸ் அட்டையும் கூடவே இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் இருக்கிறது என்று கைபேசியைக் காட்டினால் இங்கே யாரும் ஏற்க மாட்டார்கள்.

இன்னொன்று பெயர். தமிழ்நாட்டு லைசென்ஸில் பெரும்பாலும் இனிஷியலோடு பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுதாக, குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருக்கும். ஐ.டி.பி.யிலும் லைசென்ஸில் உள்ளபடியே வந்துவிடும். வாடகைக் கார் கவுண்டரில் பாஸ்போர்ட், கிரெடிட் கார்டு, லைசென்ஸ் மூன்றையும் வரிசையாக வைத்துப் பெயரை ஒப்பிடுவார்கள். ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். நேரம் இருந்தால் ஊரிலேயே லைசென்ஸில் பெயரைத் திருத்திவிட்டு அதன் பிறகு ஐ.டி.பி. எடுங்கள்.

2. ஆறு மாதக் கெடு

சுற்றுலாவுக்கு வருபவர்கள் இந்தப் பகுதியையும் அடுத்ததையும் தாண்டிப் போய்விடலாம். அசல் லைசென்ஸும் ஐ.டி.பி.யும் உங்களுக்குப் போதும்.

ஸ்பெயினிலேயே தங்க வருபவர்களுக்குக் கணக்கு வேறு. நீங்கள் இங்கே முறையாகக் குடியிருக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம் வரைதான் இந்திய லைசென்ஸ் செல்லும். ஐ.டி.பி.யில் ஒரு வருடம் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஆறு மாதம் முடிந்த மறுநாள் வண்டி ஓட்டினால் செல்லாத உரிமத்தோடு ஓட்டுகிறீர்கள். அன்று விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் வாய்ப்பு உண்டு. அபராதத்தைவிட அதுதான் பெரிய பயம்.

"லைசென்ஸை மாற்றிக்கொள்ளலாமே?" என்று பலர் நினைக்கிறார்கள். அர்ஜென்டினா, கொலம்பியா, மொராக்கோ, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளோடு ஸ்பெயினுக்கு உரிமப் பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியாவோடு இல்லை. மாற்றித் தருகிறேன், இத்தனை யூரோ கொடு என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஊரில் இருபது வருடம் ஓட்டியிருந்தாலும் அப்படித்தான்.

3. ஸ்பானிஷ் லைசென்ஸ் எடுப்பது

வந்த முதல் மாதமே தொடங்குங்கள். பெரிய நகரங்களில் தேர்வாளர்கள் பற்றாக்குறையால் ஓட்டுத் தேர்வுக்கு நாள் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. ஆகஸ்டில் எல்லாம் மந்தமாகிவிடும். ஐந்தாவது மாதத்தில் ஓடிப்போய்ச் சேர்ந்தால் ஆறாவது மாதத்துக்குள் கையில் எதுவும் வராது.

முதலில் வேண்டியது வெளிநாட்டவர் அடையாள எண்ணும் குடியிருப்பு அட்டையும். இது இல்லாமல் தேர்வுக்குப் பதிய முடியாது.

அடுத்து உடல் தகுதிச் சான்று. ஓட்டுநர் பரிசோதனை மையம் என்று ஊருக்கு ஊர் தனியார் மையங்கள் இருக்கின்றன. கண், காது பார்த்துவிட்டு ஒரு கருவியின் முன் உட்கார வைப்பார்கள். கைக்கொரு கைப்பிடி. திரையில் இரண்டு பாதைகள் வளைந்து வளைந்து நகரும். இரண்டு புள்ளிகளும் அந்தந்தப் பாதைக்குள்ளேயே போகும்படி இடது கையையும் வலது கையையும் தனித்தனியாக அசைக்க வேண்டும். வெளியே போனால் பீப் என்று சத்தம் வரும். சத்தம் வந்ததும் பதற்றப்படாதீர்கள், எல்லோருக்கும் வருகிறது. படமும் கையெழுத்தும் அங்கேயே எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் மையத்துக்கு மையம் மாறும், இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். சான்று 90 நாள்தான் தேர்வுப் பதிவுக்குச் செல்லும். ஆகவே ஓட்டுநர் பள்ளியில் சேரும் சமயத்தில் எடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

போக்குவரத்துத் துறையை இங்கே எல்லோரும் டி.ஜி.டி. என்றே சொல்வார்கள். அதற்குக் கட்ட வேண்டிய தேர்வுக் கட்டணம் 94.05 யூரோ. ஒருமுறை தவறினால் அதே கட்டணத்தில் மறுபடி எழுதலாம். இரண்டாவது முறையும் போனால் மறுபடி கட்ட வேண்டும்.

எழுத்துத் தேர்வில் 30 கேள்விகள், 30 நிமிடம். மூன்று தவறு வரை தேர்ச்சி. ஆங்கிலத்தில் எழுதலாம், பதியும்போதே சொல்லிவிட வேண்டும். கேள்விகளை எல்லாம் நேரடியாக ஸ்பானிஷிலிருந்து பெயர்த்திருப்பார்கள். விதி தெரிந்தும் கேள்வி புரியாமல் விடுபவர்கள் உண்டு. அதனால் புத்தகம் படிப்பதைவிட மாதிரித் தேர்வுகளை நிறையப் போட்டுப் பார்ப்பதுதான் பலன் தரும். எழுத்துத் தேர்ச்சி இரண்டு வருடம் செல்லும்.

ஓட்டுத் தேர்வில்தான் செலவு. தேர்வாளருடைய பேச்சு ஸ்பானிஷில்தான் இருக்கும். வலது, இடது, நேராக, ரவுண்டானா, எத்தனையாவது வெளிவழி, இங்கே நிறுத்து என்ற சொற்களைக் காதுக்குப் பழக்கிக்கொண்டு போங்கள். கிளம்பும் முன் பானெட்டைத் திறக்கச் சொல்லி எண்ணெய் எங்கே பார்ப்பது என்பதுபோலக் கேட்பார்கள். பிறகு 25 நிமிடம் போல ஓட்ட வேண்டும். விலக்குத் தவறு (மிகப் பெரிய தவறு) ஒன்று, நடுத்தரத் தவறு இரண்டு, சிறு தவறு பத்து, இதில் எது வந்தாலும் தோல்வி. இரட்டைக் கட்டுப்பாடு (பயிற்றுநர் பக்கமும் பெடல்கள்) உள்ள வண்டியில்தான் தேர்வு என்பதால் ஏறக்குறைய எல்லோரும் ஓட்டுநர் பள்ளி வழியாகத்தான் போகிறார்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது சேர்க்கைக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். "சேர 30 யூரோ" என்று பலகை வைத்திருப்பார்கள். ஒரு வகுப்பு எத்தனை நிமிடம், எத்தனை யூரோ, தேர்வு நாளன்று வண்டிக்குத் தனியாக எவ்வளவு, தவறினால் மறுதேர்வுக்கு எவ்வளவு என்று நான்கையும் எழுதி வாங்குங்கள். ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு வகுப்புகள் குறைவாகப் போதும். ஆனால் இரண்டு வகுப்பாவது கட்டாயம் போங்கள். கண்ணாடியைப் பார்த்ததைத் தேர்வாளர் பார்க்கும்படி தலையைத் திருப்புவது, நிறுத்தல் பலகையில் சக்கரம் முழுதாக நிற்பது, இதெல்லாம் நமக்குப் பழக்கமில்லாதவை.

ஆட்டோமேட்டிக் வண்டியில் தேர்வு எழுதினால் லைசென்ஸில் 78 என்ற குறியீடு வரும். அப்புறம் கியர் வண்டியை ஓட்டக் கூடாது. ஸ்பெயினில் மலிவான வாடகை வண்டிகளும் பழைய வண்டிகளும் பெரும்பாலும் கியர் வண்டிகள். யோசித்து முடிவெடுங்கள்.

தேறியதும் தற்காலிகத் தாள் கிடைக்கும், அதை வைத்து ஸ்பெயினுக்குள் ஓட்டலாம். அட்டை தபாலில் வரும். முதல் வருடம் பின் கண்ணாடியில் பச்சைப் பின்னணியில் வெள்ளை 'எல்' ஒட்ட வேண்டும். இங்கே லைசென்ஸோடு புள்ளிகள் உண்டு, விதி மீறினால் அவை குறையும். புது ஓட்டுநருக்கு 12 புள்ளிக்குப் பதில் 8 புள்ளிதான் கணக்கில் இருக்கும்.

4. வாடகைக் கார்

முன்பதிவில் தெரியும் விலை பாதிதான். மீதி கவுண்டரில் இருக்கிறது.

முதன்மை ஓட்டுநரின் பெயரில் உள்ள கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டை ஏற்கும் நிறுவனங்கள் உண்டு, ஆனால் தங்கள் காப்பீட்டையும் சேர்த்து எடுக்கச் சொல்வார்கள். டெபாசிட் தொகை பல நூறு யூரோ வரை கார்டில் முடக்கப்படும். வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகு அது விடுபடச் சில நாளாகும். ஊரிலிருந்து கொண்டுவந்த கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வரம்பை முன்கூட்டியே உயர்த்தி வையுங்கள். 25 வயதுக்குக் கீழே இருந்தால் நாளுக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணம் உண்டு.

ஒரு நிறுவனத்தில் கவுண்டரில் இருந்தவர், அவர்கள் விற்கும் கூடுதல் காப்பீட்டை எடுத்தால்தான் சாவி என்கிற தோரணையில் பேசினார். முன்பதிவுத் தாளில் காப்பீடு எது, சேதம் ஆனால் நாம் கட்ட வேண்டிய பொறுப்புத் தொகை எவ்வளவு என்று எழுதியிருந்ததைக் காட்டி நின்றேன், அப்புறம் சாவி வந்தது. அந்தத் தாளை அச்சடித்துக் கொண்டுபோங்கள். விமான நிலையத்தில் இறங்கிய களைப்பில் கைபேசியில் தேடிக்கொண்டிருந்தால் கையெழுத்துப் போட்டுவிடத்தான் தோன்றும்.

எரிபொருள் முறை "நிரப்பி எடு, நிரப்பிக் கொடு" என்று இருக்கட்டும். வண்டியை எடுக்கும்போது நான்கு பக்கமும், சக்கர விளிம்பும், கண்ணாடியும் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகலுக்கோ பிரான்ஸுக்கோ போவதாக இருந்தால் எல்லை தாண்ட எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். 135 செ.மீ. உயரம் இல்லாத குழந்தை என்றால் பின் இருக்கையில் தனி இருக்கை கட்டாயம், அதையும் முன்பதிவிலேயே கேளுங்கள்.

5. சாலைப் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்கு அரை மணி நேரம் செலவழித்தால் போதும், வரைபடச் செயலி காலை வாரினாலும் வழி தவறாது. ஸ்பெயினில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். பலகையின் நிறமும் எழுத்தும் எண்ணும் சேர்ந்து சாலையின் கதையைச் சொல்லிவிடும்.

நீலப் பலகையில் 'ஏ' என்று தொடங்கினால் அவுட்டோவியா. நடுவே தடுப்புடன் கூடிய இலவச விரைவுச்சாலை. நீலத்திலேயே 'ஏ.பி.' என்று தொடங்கினால் அவுட்டோபிஸ்தா. இதில் சிலவற்றுக்கு டோல் உண்டு. சிவப்புப் பலகையில் 'என்' என்றால் பழைய தேசியச் சாலை, பெரும்பாலும் இருவழி. ஆரஞ்சு, பச்சை, மஞ்சள் எல்லாம் மாநில அரசுகளின் சாலைகள். கூடவே பச்சையில் 'ஈ' என்று வரும் ஐரோப்பியச் சாலை எண்ணைக் கண்டுகொள்ள வேண்டாம், இங்கே யாரும் அதைச் சொல்லி வழி காட்டுவதில்லை.

மாட்ரிட்டிலிருந்து ஆறு சாலைகள் கிளம்புகின்றன. ஏ-1 புர்கோஸ் வழியாகப் பிரான்ஸ் எல்லைக்கு. ஏ-2 சரகோசா, பார்சலோனா. ஏ-3 வலென்சியா. ஏ-4 கோர்தோபா, செவில்லே, காதிஸ். ஏ-5 பதஹோஸ் வழியாகப் போர்ச்சுகல் எல்லைக்கு. ஏ-6 ஆ கொருன்யாவுக்கு. மாட்ரிட் நடுவே இருக்கும் புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்தில்தான் கிலோமீட்டர் பூஜ்யம். ஆகவே இந்தச் சாலைகளில் கல்லில் 300 என்று பார்த்தால் மாட்ரிட் ஏறக்குறைய 300 கி.மீ. தூரத்தில் இருக்கிறது.

வெளிவழி எண்ணும் கிலோமீட்டர்தான். 212-ஆம் வெளிவழி என்றால் 212-ஆவது கிலோமீட்டரில் இருக்கிறது. இப்போது 180-இல் போகிறீர்கள் என்றால் இன்னும் 32 கி.மீ. இருக்கிறது. அதற்குள் இடது லேனில் பதற வேண்டியதில்லை. வெளிவழியைத் தவறவிட்டால் பின்னால் எடுக்கவே கூடாது. கொஞ்ச தூரத்தில் திரும்பும் அம்புக்குறியோடு 'காம்பியோ தெ சென்தீதோ' என்று ஒரு பலகை வரும். அங்கே இறங்கிப் பாலத்தில் திரும்பி எதிர்த்திசையில் ஏறலாம்.

ஒரு குழப்பம் மட்டும் உண்டு. ஆந்தலூசியா மாநிலமும் தன் சாலைகளுக்கு 'ஏ' என்றே எழுத்து வைத்திருக்கிறது. ஒற்றைச் சாலையாக இருக்கும் மலைப் பாதையிலும் 'ஏ' என்று இருக்கும். அங்கே எழுத்தை விட்டுவிட்டுப் பலகையின் நிறத்தைப் பாருங்கள்.

6. டோல்

பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு "ஸ்பெயின் முழுக்க டோல்" என்று கணக்குப் போடாதீர்கள். டோல் நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் முடிய முடியப் பல சாலைகள் இலவசமாகிவிட்டன. புர்கோஸ் பக்கத்து ஏ.பி.-1 2018 டிசம்பரில் விடுபட்டது. செவில்லே–காதிஸ் ஏ.பி.-4, தாரகோனா–அலிகாந்தே இடையிலான ஏ.பி.-7 இரண்டும் 2020 ஜனவரியில். கதலோனியாவில் ஏ.பி.-7, ஏ.பி.-2 இரண்டும் 2021 செப்டம்பரிலிருந்து இலவசம். பெயரில் 'ஏ.பி.' அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்துப் பயந்து பக்கத்து ஒற்றைச் சாலையில் ஊர்ந்து போக வேண்டாம். இலவசம் ஆனதிலிருந்து பார்சலோனா சுற்றுவட்டாரத்தில் ஏ.பி.-7 லாரிகளால் நிரம்பி வழிகிறது, நேரத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் காசு கேட்பவை: கலீசியாவில் ஏ.பி.-9 (இதன் ஒப்பந்தம் 2048 வரை), மாட்ரிட்டுக்கு வடமேற்கே ஏ.பி.-6, லியோன்–அஸ்தூரியாஸ் ஏ.பி.-66, பாஸ்க் பகுதியில் ஏ.பி.-8, கோஸ்தா தெல் சோல் கடற்கரை ஏ.பி.-7. பில்பாவ்–சரகோசா ஏ.பி.-68-இன் ஒப்பந்தம் 2026 நவம்பர் வரை. மாட்ரிட்டைச் சுற்றியுள்ள 'ஆர்' சாலைகளுக்கும் டோல் உண்டு. அரசு நடத்தும் அந்தச் சாலைகளில் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இலவசம்.

சாவடியில் எந்த லேன் என்பதைத் தூரத்திலிருந்தே பாருங்கள். நீலத்தில் வெள்ளை 'டி' மட்டும் இருந்தால் அது கருவி வைத்திருப்பவர்களுக்கானது. நம் ஃபாஸ்டேக் போல இங்கே வியா-டி என்ற கருவி, கண்ணாடியில் ஒட்டுவது. அது இல்லாமல் அந்த லேனில் போனால் தடுப்பு எழாது, பின்னால் வரிசை கட்டிவிடும். அப்படி ஆனாலும் பின்னால் எடுக்காதீர்கள், உதவிப் பொத்தானை அழுத்திக் காத்திருங்கள். கார்டு படமோ காசு படமோ உள்ள லேனில் போனால் கவலையில்லை. நுழையும் இடத்தில் சீட்டு எடுக்கச் சொல்லும் சாலைகளில் அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தொலைத்தால் மிக நீண்ட தூரத்துக்கான கட்டணம் கேட்பார்கள்.

மாதத்துக்கு ஒருமுறை போகிறவர்களுக்கு வியா-டி தேவையில்லை. தினமும் ஒரே டோல் சாலையில் போய்வருபவர்களுக்கு அவசியம், பல சலுகைகள் அந்தக் கருவி வழியாக மட்டும்தான் கிடைக்கும்.

7. ரவுண்டானா

ஸ்பெயினில் ரவுண்டானா இல்லாத ஊர் கிடையாது. ஓட்டுத் தேர்வில் தோற்பவர்கள் பலர் தோற்கும் இடமும் இதுதான். இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்த் திசையில். நுழையும்போது இடது பக்கம் பார்க்க வேண்டும். உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. ஊரில் செய்வதுபோல மூக்கை நீட்டி இடம் பிடிக்கக் கூடாது, முழு இடைவெளி கிடைக்கும் வரை கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள்.

வெளியேறுவது வெளி லேனிலிருந்து மட்டும்தான். நீங்கள் உள் லேனில் இருக்கிறீர்கள், உங்கள் வெளிவழி வருகிறது, வலப்பக்க லேனில் ஒரு கார் இருக்கிறது என்றால் குறுக்கே வெட்டக் கூடாது. அந்தக் கார் ரவுண்டானாவை முழுதாகச் சுற்றிக்கொண்டிருந்தாலும் உரிமை அதற்குத்தான். இன்னொரு சுற்றுச் சுற்றி, வெளி லேனுக்கு மாறி, பிறகு வெளியேறுங்கள். வலது இண்டிகேட்டரை உங்கள் வெளிவழிக்கு முந்தைய வெளிவழியைத் தாண்டியதும் போடுங்கள். உள்ளூர்க்காரர்கள் பலர் இதை மீறுவதைப் பார்ப்பீர்கள். மோதினால் காப்பீட்டுத் தாளில் தவறு உள் லேன்காரர் மேல்தான் எழுதப்படும்.

விரைவுச்சாலையிலும் இதே ஒழுங்குதான்: வலது லேனில் போவது கடமை, இடது லேன் முந்துவதற்கு மட்டும். முந்திவிட்டு உடனே வலத்துக்குத் திரும்ப வேண்டும், வலது பக்கமாக முந்தக் கூடாது. சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி, ஒரே திசையில் இரண்டு லேன் இருந்தால் முழுதாக அடுத்த லேனுக்கு மாறித்தான் முந்த வேண்டும்.

8. வேகம்

விரைவுச்சாலையில் 120, மற்ற சாலைகளில் 90. ஊருக்குள் திசைக்கு ஒரே லேன் உள்ள தெருவில் 30 (2021 மே முதல்), இரண்டு லேன் இருந்தால் 50, நடைபாதையும் சாலையும் ஒரே மட்டத்தில் இருந்தால் 20. இருவழிச் சாலையில் முந்தும்போது 20 கூட்டிப் போகலாம் என்று பழைய புத்தகங்களில் இருக்கும், அந்தச் சலுகை 2022 மார்ச்சில் போய்விட்டது.

கேமராவைக் கண்டதும் பிரேக் போடும் வித்தை பல இடங்களில் பலிக்காது. தொடக்கத்திலும் முடிவிலும் கேமரா வைத்துச் சராசரி வேகத்தைக் கணக்கிடும் பகுதிகள் இருக்கின்றன. 120 சாலையில் 150 வரை போனால் 100 யூரோ, புள்ளி போகாது. 151 முதல் 170 வரை 300 யூரோவும் 2 புள்ளியும். கைபேசியைக் கையில் பிடித்தால் 200 யூரோவும் 6 புள்ளியும். புது ஓட்டுநருக்கு இருப்பதே 8 புள்ளி என்பதை நினைவில் வையுங்கள். குடித்திருந்தால் ஓட்டவே வேண்டாம்.

ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் நாள், ஈஸ்டர் வாரம் ஆகிய நாட்களில் ஊரே கடற்கரைக்குக் கிளம்பும். அந்த நாட்களில் வலென்சியா பக்கம் போவதாக இருந்தால் விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள்.

9. ஊருக்குள் நுழையும் முன்

ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊர்களில் குறைந்த புகை மண்டலம் (அதிகம் புகை விடும் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி) அமைக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வண்டியின் வயதையும் எரிபொருளையும் பொறுத்து 0, எகோ, சி, பி என்று ஸ்டிக்கர். அஞ்சலகத்தில் 5 யூரோவுக்குக் கிடைக்கும். 2006-க்குப் பிறகு பதிவான பெட்ரோல் வண்டிக்கும் 2015 செப்டம்பருக்குப் பிறகு பதிவான டீசல் வண்டிக்கும் பொதுவாக சி கிடைக்கும். பழைய டீசல் கார் மலிவாக வருகிறது என்று வாங்கிவிட்டு, ஸ்டிக்கர் கிடைக்காமல் மாட்ரிட்டுக்குள் நுழைய முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கும் முன் டி.ஜி.டி. தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள், ஸ்டிக்கர் வகை இலவசமாகவே தெரியும். கடன், தடை, பரிசோதனை விவரம் எல்லாம் சேர்ந்த முழு அறிக்கைக்கு 8.67 யூரோ. பெயர் மாற்றக் கட்டணம் 55.70 யூரோ, அதற்கு மேல் மாநில வரி தனி.

வாடகைக் கார்கள் புதியவை, ஆகவே ஸ்டிக்கர் பிரச்சினை பெரும்பாலும் வராது. ஆனாலும் மாட்ரிட் நடுப்பகுதிக்குள் பி, சி ஸ்டிக்கர் வண்டிகள் பொது வாகன நிறுத்தகத்துக்குப் போவதற்காக மட்டுமே நுழையலாம். தெருவில் நிறுத்தவோ குறுக்கே கடக்கவோ கூடாது. கிரனாடா, பால்மா போன்ற ஊர்களின் பழைய தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் அனுமதி, தடுப்பு இருக்காது, கேமரா மட்டும் இருக்கும். அங்கே விடுதி எடுத்திருந்தால் போவதற்கு முன்பே தொலைபேசியில் அழைத்து வண்டி எண்ணைப் பதியச் சொல்லுங்கள்.

நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கோடு இலவசம், நீலம் காசு கட்டிக் குறிப்பிட்ட நேரத்துக்கு, பச்சை பெரும்பாலும் அந்தப் பகுதி வாசிகளுக்கு, மஞ்சள் கூடவே கூடாது. திரும்பி வந்து பார்க்கும்போது வண்டியைக் காணவில்லை என்றால் உடனே திருட்டு என்று பதறாதீர்கள். நடைபாதை ஓரத்துக் கல்லிலோ தரையிலோ முக்கோண வடிவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இழுத்துப் போன வண்டி எந்தக் கிடங்கில் இருக்கிறது என்ற விவரம் அதில் இருக்கும். நேரம் ஆக ஆகக் கிடங்குக் கட்டணம் ஏறும், அன்றைக்கே போங்கள்.

10. வண்டி நின்றுவிட்டால்

2026 ஜனவரி 1 முதல் ஸ்பெயினில் பதிவான வண்டிகளில் எச்சரிக்கை முக்கோணத்துக்குப் பதிலாக வி-16 என்ற விளக்கு கட்டாயம். கையளவு இருக்கும் மஞ்சள் விளக்கு, அடியில் காந்தம். ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கூரையில் வைத்தால் மினுக்கும், வண்டி நிற்கும் இடத்தையும் தானாகவே டி.ஜி.டி.க்கு அனுப்பிவிடும். இணைப்பு வசதி இல்லாத பழைய மாதிரிகளை இன்னும் மலிவாக விற்கிறார்கள், அவை செல்லாது. அங்கீகரித்த மாதிரிகளின் பட்டியல் டி.ஜி.டி. தளத்தில் இருக்கிறது, அதைப் பார்த்து வாங்குங்கள். வாடகை வண்டி என்றால் சாவி வாங்கும்போதே விளக்கும் ஒளிரும் மேலங்கியும் எங்கே என்று கேளுங்கள்.

மேலங்கியைப் பின் டிக்கியில் வைக்காதீர்கள். வண்டியை விட்டு இறங்கும் முன் போட்டிருக்க வேண்டும், ஆகவே கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இறங்கியதும் எல்லோரும் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். அவசரத்துக்கு 112. சாலைப் பெயர், கிலோமீட்டர், எந்த ஊரை நோக்கிப் போகிறீர்கள் என்று மூன்றையும் சொன்னால் போதும். "ஏ-3, 147, வலென்சியா பக்கம்" என்றால் ஸ்பானிஷ் தெரியாதவர் சொன்னாலும் வண்டி வந்து சேரும். சாலை நிலவரத்துக்கு 011.

11. அபராதம் வந்தால்

20 நாட்காட்டி நாட்களுக்குள் கட்டினால் பாதிதான். தபாலைக் கையில் வாங்கிய நாளிலிருந்து கணக்கு. பாதித் தொகையைக் கட்டினால் மேல்முறையீடு செய்யும் உரிமை போய்விடும். ஆகவே உங்கள் பக்கம் உறுதியான ஆதாரம் இருந்தால் மட்டும் எதிர்த்து எழுதுங்கள்.

வீடு மாறினால் டி.ஜி.டி.யில் முகவரியை மாற்றுங்கள். பழைய முகவரிக்குத் தபால் போய்த் திரும்பினால் அரசிதழில் பெயரைப் போட்டுவிட்டுத் தெரிவித்ததாக எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்குத் தெரியாமலே 20 நாள் ஓடி, வங்கிக் கணக்கிலிருந்து பிடித்தம் வரை போய்விடும்.

வாடகை வண்டிக்கு வரும் அபராதத்தில் உங்கள் பெயரை நிறுவனம் டி.ஜி.டி.க்குக் கொடுக்கும். அந்த வேலைக்கென்று உங்கள் கார்டிலிருந்து ஒரு தொகை எடுப்பார்கள். அது அபராதம் இல்லை, அபராதம் தனியாக வரும். ஸ்பெயினில் முகவரி இல்லாதவர்களைச் சாலையில் நிறுத்தினால் அங்கேயே கட்டச் சொல்வார்கள், அதிலும் பாதித் தள்ளுபடி உண்டு. கட்டாவிட்டால் வண்டியை நிறுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ரசீது வாங்காமல் கிளம்பாதீர்கள்.

"உங்களுக்கு அபராதம், இந்த இணைப்பில் கட்டுங்கள்" என்று குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வந்தால் அது மோசடி. டி.ஜி.டி. அப்படி அனுப்புவதில்லை. சந்தேகம் இருந்தால் மி டி.ஜி.டி. செயலியைத் திறந்து உங்கள் பெயரில் ஏதாவது நிலுவை இருக்கிறதா என்று அங்கே பாருங்கள்.